தலைவர் பெயர்

அப்பாவுக்கு,

வீட்டு உதவி அலுவலகத்தில் பேனாவைக் கட்டியிருந்த கயிறு ஒரு சாண்கூட இல்லை. எல்லோரும் குனிந்துதான் எழுதினார்கள்.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குறைந்த வாடகை வீடு கேட்டு அம்மா கொடுத்த மனு திரும்பி வந்துவிட்டது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் இன்னமும் உங்கள் பெயரையே எழுதுகிறாள்.

"தலைவர் கையெழுத்து வேணும். அப்பா எப்பம்மா வருவார்?" என்றார் குமாஸ்தா.

அம்மா தரையைப் பார்த்தாள். நான் பேனாக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? சொல்லேன் பொண்ணே!" என்றாள் வரிசையில் நின்ற ஓர் அக்கா.

"வர மாட்டார். மூணு வருஷமா எங்க வீட்டுக்குத் தலைவர் அம்மாதான்."

பேனாவைக் கயிற்றோடு பிடுங்கினேன். மனுவில் உங்கள் பெயரை அடித்தேன். நிமிர்ந்து நின்று அம்மாவின் பெயரை எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவை அவளிடம் நீட்டினேன்.

உங்கள் மூத்த மகள்