யார் வீட்டுக்கு யார் உயில்

ஜூன் 3

பக்கத்துத் தோட்டத்துக்காரர் போய்ச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் மகன்கள் மோட்டார் ரூமுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஒருவன் திறந்தாலும் இன்னொருவன் பூட்டு தொங்குகிறது. தென்னை காய்கிறது. மனுஷன் ஒரு உயில் எழுதி வைத்திருந்தால் இந்தக் கூத்து உண்டா?

நான் எழுதப்போகிறேன். கேரள எல்லையில் இருக்கிற இந்தக் கோபாலபுரம் சுற்றுவட்டாரத்தில் முன்யோசனை உள்ளவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

ஜூன் 5

யோசித்து, ஒரு தாளில் எழுதியும் பார்த்துவிட்டேன். வீடும் தோப்பும் மகன் பூபதிக்கு. பேங்கில் இருப்பது மனைவி கமலாத்தாளுக்கு; அவள் மகனோடு இருந்துகொள்வாள். மகள் ஆர்த்திக்குக் கல்யாணத்தின்போதே செய்தாயிற்று. விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்து நம்மோடுதான் இருக்கிறாள், பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஆனாலும் சின்ன வயசு. மறுபடி ஒரு இடம் அமையாமலா போகும்? இப்போதே எதற்கு எழுதுவது?

ஜூன் 8

பூபதிக்குப் போன் போட்டு, "கண்ணு, அப்பா உயில் எழுதப்போறேன்" என்றேன். சாயங்காலமே கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து நிற்கிறான்.

"டாக்டர் என்னங்கப்பா சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க."

எந்த டாக்டர்? நான் கடைசியாகப் பார்த்தது பல் பிடுங்கினவரை!

ஜூன் 9

மச்சினி சாத்துக்குடியோடு வந்துவிட்டாள். "மாமா, மொகமே வாடிப் போச்சுங்களே" என்று அழுகை. கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் வாடித்தான் இருக்கிறது.

கமலாத்தாள் மட்டும், "எழுதுங்க, நல்லதுதானுங்க" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. மனைவி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஜூன் 12

ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே ஆதாரம் எழுதுகிற லிஜியைப் பார்த்தேன். மலையாளத்துப் பெண். பத்திரத்துக்கு ஆதாரம், உயிலுக்கு ஒஸ்யத்து என்பாள். நம் தமிழும் பேசுவாள். பூபதியைச் சாட்சி போடலாம் என்றேன்.

"வேண்டா அங்கிள். சொத்து கிட்டுற ஆளு சாட்சி நின்னா பின்னாடி வழக்கு வரும். வேற ரெண்டு பேரைக் கொண்டு வாங்க. பேங்கில நாமினி ஆரு?"

"எங்கம்மா."

"அம்மாவுக்கு எத்தனை வயசு?"

"அவங்க போயி ரொம்ப வருசமாச்சு."

லிஜி பேனாவை வைத்துவிட்டாள். "நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிற ஆளு மட்டும்தான் அங்கிள். அது ஆருக்குன்னு ஒஸ்யத்துதான் சொல்லணும். ஆனா நாமினிக்கு உயிர் இருக்கணும்."

வீடு யார் பேரில் என்று கேட்டாள். என்ன கேள்வி? வருஷா வருஷம் கரம், அதாவது வீட்டு வரி, கட்டுவது நான். ஆதாரத்தைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 13

"ஊட்டுப் பத்திரம் எங்க?" என்றேன் கமலாத்தாளிடம்.

"எதுக்குங்க? அது எம்பட பேர்ல அல்லங்க இருக்குது?"

"என்னது?"

"பூபதி பொறந்தப்ப எங்கப்பன் எனக்கு எழுதிக் குடுத்த எடமுங்க. நீங்களும் ஆபீசுக்கு வந்தீங்க. பெஞ்சுல தூங்கீட்டு இருந்தீங்க."

கர ரசீதுகளை எடுத்துப் போட்டேன். எல்லாம் மலையாளம். எனக்குப் பேச வரும், படிக்க வராது. ஆர்த்தி வாசித்தாள். கமலாத்தாள். கமலாத்தாள். கமலாத்தாள்.

"இத்தனை வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

ஜூன் 14

சாப்பிடவில்லை.

பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 16

செங்கல் என்னுது, சிமெண்டு என்னுது, வெயில்ல நின்னு கட்டினவன் நானு! இடம் மட்டும் அவளுதாம். அந்தரத்திலயா கட்ட முடியும்? — சரி, முடியாதுதான்.

இன்று கமலாத்தாள் நான் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஆர்த்தி பேரு எங்கீங்க?"

"அவளுக்கு ஒரு எடம் அமையும்..."

"இனிக் கட்டிக்க மாட்டேன்னு அவ சொன்னது உங்க காதுல உழுகவே இல்லீங்களா? நாம ரெண்டு பேரும் போயிட்டா அவ எங்கீங்க போவா?"

திரும்பினால் வாசலில் ஆர்த்தி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போயிட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் அவளை மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன். இரண்டும் ஒன்றுதானோ?

ஜூன் 20

கமலாத்தாள் தன் உயிலை எழுதிவிட்டாள்! லிஜியிடம் நான்தான் கூட்டிப்போனேன். சாட்சிக் கையெழுத்துப் போட நான் எழுந்தால், "நீங்க ஆகாதாமுங்க, வெளிய இருங்க" என்கிறாள் கமலாத்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து அவமானப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சொத்து கிடைக்கிறவன்தானே சாட்சி ஆகக் கூடாது? அப்படியானால் எனக்கும் ஏதோ இருக்கிறது!

ஜூன் 23

காப்பி நானே போட்டு அவளுக்கும் கொடுத்தேன். டம்ளரையும் கழுவி வைத்தேன்.

"உடம்பு செரியில்லீங்களா?" என்றாள்.

ஜூலை 2

கேட்டே விட்டேன். அவளுக்குப் பிறகு வீடு ஆர்த்திக்கு. நான் இருக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கலாம். "உங்களை ஆரும் கெளப்ப முடியாதுங்க. எழுதி வெச்சிருக்கறேன்."

நான் எழுதிய தாளில் அவளுக்கு இப்படி ஒரு வரி இல்லை.

பூபதி குதிப்பான் என்று பயந்தபடி போன் போட்டேன். "செரிங்கப்பா. தோப்பையும் அக்காவுக்குப் பாதி எழுதீருங்க. தேங்கா போட ஆள் புடிக்க என்னால ஒருத்தனா ஆகாது" என்றான். வீட்டைவிட இதுதான் வலித்தது. என் தோப்பு அவனுக்குத் தொந்தரவாம்!

ஜூலை 9

என் உயிலும் முடிந்தது. தோப்பு இருவருக்கும் சமம்; கிணறும் மோட்டாரும் பொது. பேங்க் பணம் கமலாத்தாளுக்கு, நாமினியும் அவளே. ஆர்த்தியிடம் சொன்னேன். "ம்" என்றாள். இப்போதெல்லாம் அவ்வளவுதான் பேச்சு.

ஜூலை 28

ஆர்த்தி நம் முன் ரூமிலேயே தொழிலை ஆரம்பிக்கிறாளாம். அம்மாவிடம் கேட்டதற்கு, அப்பாவைக் கேள் என்று அனுப்பியிருக்கிறாள். என்னை! உற்சாகத்தில் என் தேக்குக் கட்டிலை நானே இழுத்து வெளியே போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

முதல் நோயாளி நான். குப்புறப் படுக்க வைத்து ஆர்த்தி அமுக்கினாள்.

"வலிக்குதுங்களாப்பா?"

வலி எப்போதோ போய்விட்டது. "வலிக்குது கண்ணு" என்றேன்.