வாசலேறி வந்த பனையேறி

என் மாமாவுக்கு,

கட்டினவளைப் பேச்சுத் துணையில்லாமல் விட்டுப்போன கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள்.

நேற்று உங்கள் தலைத்திவசம். ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். விடிந்ததிலிருந்து மழை. உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டுவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனேன். படியில் ஒரு பனையேறிக் கெண்டை. சிமெண்டுத் தரையில் செவுளை ஊன்றி ஊன்றி, உடம்பை உதறிக்கொண்டு, நேராக வீட்டைப் பார்த்து வந்தது.

மழை நாளில் ஒரகடம் ரோட்டில் ஏறித் துள்ளும் பனையேறிகளை ஹெல்மெட்டில் அள்ளிக்கொண்டு, தலை நனைய வண்டி ஓட்டி வருவீர்களே! அந்த ஹெல்மெட் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. மோந்து பார்த்தால் மீன் வாடை எது, உங்கள் வாடை எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

உங்கள் அம்மா எட்டிப் பார்த்தார். "என் புள்ள வந்துக்கீதும்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் தம்பியோ, "அண்ணனுக்குப் புடிச்ச மீனு. படையலுக்குன்னு தானா வந்துக்கீது. குடுங்க அண்ணி, கொழம்பு வெச்சிரலாம்" என்றார்.

"அடப்பாவி! புள்ளையயே கொழம்பு வெச்சி புள்ளைக்கே படைப்பியாடா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திவசத்தன்று சிரித்தேன், மாமா. கூடவே அழுகையும் வந்தது.

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். அது நீங்கள் என்றால் சமைக்கக் கூடாது. உங்களுக்கான சாப்பாடு என்றால் விடக் கூடாது. நான் என்ன சொல்ல? மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அப்போது எதிர்வீட்டு அக்கா குடையோடு வந்தார். "இன்னாத்துக்கு இப்டி நிக்கிறீங்க? மீனு ஏரிலேர்ந்து பின்னாடி குட்டைக்கிப் போவுது. உங்க மனை கால்வாயத் தூத்துப் போட்ட பிளாட்டும்மா. அது போற வழில வூட்டக் கட்டிக்கினு கீறீங்க."

நீங்கள் ஆசையாய் வாங்கின மனை. பால் காய்ச்சிய மாதமே போய்விட்டீர்கள். அப்படியானால் அது நம்மைத் தேடி வரவில்லையா? நாம்தான் குறுக்கே நிற்கிறோமா?

முன்கதவை அகலத் திறந்தேன். போய்ப் பின்கதவையும் திறந்தேன். உங்கள் தம்பி நாற்காலிகளை ஓரம் தள்ளினார். உங்கள் அம்மா உள்ளே ஏறி வந்த மீனின் முதுகு காயாமல் செம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கூட வந்தார். உங்கள் இலைக்குப் பக்கத்தில் வந்ததும் அது நின்றது. இளைப்பாறவா? பிறகு பின்வாசல் இறங்கி, மழைத்தண்ணீரில் போய்விட்டது.

உங்களுக்கு முட்டைக் குழம்புதான் படைத்தோம். கோபமா? காக்கா கூட மழையில் வரவில்லை.

இனி மழை பிடித்தால் இரண்டு கதவையும் திறந்து வைப்பேன். இது சத்தியம். மீன் என்றால் அதன் வழியில் போகட்டும். நீங்கள் என்றால், மாமா, கொஞ்சம் நின்று போங்கள்.

இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும்,
உங்கள் வீட்டுக்காரி
சேரப்பணஞ்சேரி