மார்ச் இரண்டாம் தேதி காதுகுத்து

ஃபஹாஹீல், குவைத்
26-1-2007

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தம்பி வாசுவும் இங்கே நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி சம்யுக்தாவும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன்.

நேற்று போன் செய்தபோது உன் மாமியார் சந்திரகலாதான் எடுத்தார், மார்ச் இரண்டாம் தேதி குழந்தைக்குக் காதுகுத்து என்றார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது யார் குறித்த முகூர்த்தம் என்று கேட்டேன். அன்றுதான் 1836இல் டெக்ஸஸ் மெக்ஸிகோவிடமிருந்து விடுதலை என்று அறிவித்ததாம், உங்கள் ஹூஸ்டனுக்குப் பெயர் தந்த மனிதர் பிறந்ததும் அதே தேதியாம், 1949இல் ஒரு விமானம் நடுவில் எங்குமே இறங்காமல் உலகைச் சுற்றிவிட்டு டெக்ஸஸிலேயே வந்து இறங்கியதும் அன்றுதானாம், அதனால் ராசியான நாளாம். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அன்று சதுர்த்தசி! உலகம் சுற்றிய விமானத்தைப் பற்றிப் பேசத் தெரிகிறது, குவைத்திலிருந்து ஒரு தாய்மாமன் வந்து இறங்கும்வரை பொறுக்க முடியவில்லை. வாசுவுக்கு ஏப்ரலில்தான் லீவு என்றேன். "அதுக்கென்ன சம்பந்தி, எங்க அண்ணன் மகன் ரோஹித் இருக்கான், பாப்பாவுக்கு அவனும் மாமா முறைதானே" என்கிறார். முறைக்கு மாமா வேறு, உன் கூடப்பிறந்தவன் வேறு இல்லையா? வாசு இதைக் கேட்டதும் குழந்தைக்கு வாங்கிய கம்மலை பீரோவில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டான்.

எனக்குப் பொறாமைதான், பெற்ற மகளிடம் மறைப்பானேன். ஆறு மாதமாகக் குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர், சோறூட்டுவது அவர், தூங்கவைப்பது அவர். நான் போனில் கொஞ்சினால் பாப்பா திரும்பி அவரைத்தான் பார்க்கிறாள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார், வயிறு எரிகிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அப்பா எங்கள் மூவருக்கும் விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறார்.

நான் கோபித்ததாக அங்கே சொல்லாதே, நீயே யோசித்ததுபோலத் தேதியைத் தள்ளிவை. வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசிகள், குழந்தைக்கு ஆயிரம் முத்தம். ஒன்றை மறந்துவிடாதே தாமரை, காது குத்தும்போது பிள்ளை வீறிட்டு அழத்தான் செய்வாள். அந்த அழுகையாவது நம் வீட்டு மடியில் அழட்டும்.

உன் அம்மா,
உமாராணி