அருவி கிட்டே வருகிறது

ஜூன் 3
எழுந்ததும் முதல் வேலையாக மழைக்கோட்டுகளை உதறி வெயிலில் போட்டேன். எத்தனை கழுவினாலும் அந்த ஈர வாடை போவதில்லை. என் வீட்டுக்காரர் படகை ஓட்ட, நான் பயணிகளுக்குக் கோட்டு மாட்டிவிட்டு மைக்கில் அருவியைப் பற்றிப் பேசுகிறேன். வரலாறு படித்ததற்கு இதாவது மிச்சம்.

இன்று அருவியின் அடியில் ஏதோ சரியில்லை. வழக்கமாக எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி தெரியும். இன்று சுவரே இல்லை; மேலும் கீழும் ஒரே வெள்ளை. சாரல் மேலிருந்து விழவில்லை. எதிரே யாரோ மூச்சு விடுவது போல முகத்தில் வந்து மோதியது.

ஜூன் 5
அருவி கிட்டே வருகிறது. எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு.

ஜூன் 8
"சூப்பர்க்கா! போன வருஷம் இவ்ளோ பக்கத்துல கூட்டிட்டுப் போகலையே!" என்று ஒருவர் கைதட்டினார். சாரல் புகைக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பாறை எழுந்தது. இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத பாறை. தலை குனிந்து யாரோ குளிப்பது போல் நின்றது.

அவரிடம் சொன்னேன். "சாரல்ல எல்லாந்தான் தெரியும். போன வாரம் ஒரு அம்மாவுக்கு யானையே தெரிஞ்சுது" என்றார்.

ஜூன் 9
பாறை இன்றும் இருந்தது.

ஜூன் 12
சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். "அருவி முன்ன மாதிரி கத்தறதில்ல, கவனிச்சியா? குரலைத் தாழ்த்திக்கிச்சு. கிட்ட வா, காதுல சொல்றேங்கற மாதிரி."

சத்தம் எங்கே குறைந்தது? மைக்கில் என் குரலே எனக்குக் கேட்பதில்லையே!

ஜூன் 13
சாரலுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு வேலை இல்லை. அவர் காதை வைத்துத்தான் ஓட்டுவார். இரைச்சல் ஓர் அளவுக்கு ஏறியதும் படகை நிறுத்திவிடுவார். அதுதான் அவர் கணக்கு.

இன்று அவர் பக்கத்திலேயே நின்று "போதுங்க!" என்று கத்தினேன். படகு போய்க்கொண்டே இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன பயம் உனக்கு? இன்னும் அந்தச் சத்தமே வரலயே!"

அருவி வரவில்லை. நாங்கள்தான் போய்க்கொண்டிருக்கிறோம் — பழைய சத்தம் அவர் காதில் விழும் இடத்தைத் தேடி. அந்த இடம் பாறைக்கு அந்தப்புறம் இருந்தால்?

ஜூன் 14
டாக்டரிடம் காதைக் காட்டலாம் என்றேன். முதலில் முறைத்தார். பிறகு, "முதலாளிக்குத் தெரிஞ்சா படகைத் தொட விடுவாரா? கரையில நின்னு டிக்கெட் கிழிக்கவா நானு?" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 15
நாளை முதல் படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அது கிளம்புமுன் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். வீட்டுக்காரர் அப்புறம் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும்.

இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, செய்யப்போவதை வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். ஒரு வார்த்தை விடாமல்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். திரும்பவில்லை.