ரேடியோ செட்டுக்குப் பயப்படாத பிள்ளை

சங்கரன்கோவில்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அண்ணன், மதினி எல்லாரும் உடம்புக்குச் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்கக் கோமதியம்மன் துணை நிற்பாள். உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசுக்கு என்று எழுதவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி உன் அண்ணனிடம் கொடுக்கிறேன்.

நீ சொன்னது சரியாகப் போயிற்று மக்கா. நம்ம அபிதாவுக்குக் காது கேட்கவில்லை. எழுதிவிட்டு நானே இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ராயகிரிக் கோவில் கொடைத் திருவிழாவில் நான் ரேடியோ செட் போட்டிருந்தபோது எடுத்த வீடியோவை எவ்வளவு பெருமையாக உனக்கு அனுப்பினேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் வீல் வீலென்று அழ, உன் அண்ணன் மகள், எட்டு மாசப் பிள்ளை, பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். செட்டுக்காரன் பேத்தின்னா சும்மாவா, நாளைக்கு என் செட்டுக் கடைய இவதான் நடத்துவா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்காமல், அப்பா, வேட்டு போட்டப்பக்கூட அவ திரும்பலையே, டாக்டர்ட்ட காட்டுங்க என்றாய். எனக்கு வந்ததே கோபம். பிள்ள வளக்கதப் படிக்க பிளைட் ஏறிப் போனவ, நம்ம வீட்டுப் பிள்ளையிலயே குறை கண்டுபிடிக்கியாட்டி என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வைத்தேனே தவிர, உன் சொல் உள்ளே கிடந்து அறுத்தது. மறுநாள் வீட்டில் அவளுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள், தெரு நாய் எழுந்து குரைக்கிறது, பிள்ளை தன் கால் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். ஆத்தாடி என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். என் செட்டுச் சத்தம்தான் பிள்ளை காதைக் கெடுத்ததா என்று கேட்டேன். இல்லய்யா, பிறவியிலேயே உள்ளது, ஆனாலும் இனி பாக்ஸ் பக்கத்துல உக்கார வைக்காதீங்க என்றார் டாக்டரம்மா. பேச்சு வரவில்லை என்று மூன்று வயசில் தூக்கி வருகிறவர்கள்தான் அதிகமாம், இவ்வளவு சீக்கிரம் யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். ஊரில் பெருமைக்குப் பொய் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், என் மக அமெரிக்காவுல கம்ப்யூட்டர் படிக்கா என்று உளறிவிட்டது. அந்த அம்மா முழிக்க, உன் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே, இல்ல டாக்டர், எங்க நாத்தனா சின்னப் பிள்ளைகளயும் குடும்பத்தையும் பத்திப் படிக்கா என்றாள். அந்தப் படிப்புக்கு என்ன பெயர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதைத் தமிழில் எழுதி அனுப்பு, மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்.

நேற்று கடையில் செட்டைச் சரிபார்க்க மெல்லப் பாட்டுப் போட்டேன். அபிதா தவழ்ந்து வந்து பாக்ஸ் துணியில் இரண்டு கையையும் வைத்துச் சிரிக்கிறாள். பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்றல்லவா இத்தனை நாள் இருந்தேன்! அந்த அதிர்வு கையில் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கிறது. பாட்டை நிறுத்தினேன், சிரிப்பும் நின்றுவிட்டது. மறுபடி போட்டேன்.

உன் மதினி தன் வயிற்றையே திட்டிக்கொண்டிருக்கிறாள், நீ கூப்பிட்டுப் பேசு, நீ சொன்னால் கேட்பாள். நீயும் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, நேரத்துக்குச் சோறு பொங்கு. தாயே கோமதி, மகளும் மருமகளுமாக என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்று.

அடுத்த மாசம் காதுக்கு மெஷின் மாட்டுகிறார்கள். பழக்கினால் பேச்சும் வரும் என்கிறார்கள். அன்றைக்கு மறக்காமல் வீடியோவில் வா. முதலில் பிள்ளையை அவள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பிறகு நீ கூப்பிடு. நான் கடைசியில் கூப்பிடுகிறேன். என் தொண்டை பெரிய தொண்டை, பிள்ளை பயந்து அழுதாலும் அழுவாள். அழட்டும் மக்கா.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரேடியோ செட் பெத்துராஜ்.