புரை ஏறிய சனிக்கிழமைகள்

அதுக்காக இல்லை, என் தங்க அத்தை. நெற்றியில் பொட்டு இல்லாத பெண் என்பதற்காகத்தான் நான் சுகுணாவைச் சந்தேகப்பட்டேன் என்று உங்கள் பெரிய பிள்ளை சொல்லிக்கொண்டு திரிகிறார். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? பொட்டு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணமெல்லாம் நான் வைத்திருந்தேன்.

வருகிற புதன்கிழமையோடு நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். தெவசத்துக்குக் குவைத்திலிருந்து உங்கள் சின்னப்பிள்ளை சேகர் வருகிறான். வந்த கையோடு, உங்களைப் பார்த்துக்கொள்ளச் சுகுணாவை அனுப்பினார்களே, அந்த ஆபீசுக்குப் போய், இனி அவளை எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுக்கப் போகிறானாம். "அம்மாவ கவனிக்காம உட்டுட்டா. நீங்கதான சொன்னீங்க அண்ணி?" என்கிறான் போனில். ஆமாம், நான்தான் சொன்னேன். அவனிடம் மட்டுமா சொன்னேன்? இந்தத் தெரு முழுக்கச் சொன்னேன். அதனால் இந்தக் கடிதத்தையும் தெரு முழுக்கப் படிக்கட்டும்.

வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்று, உங்களைப் பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்குக் கொண்டு வந்தோமே. ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கட்டும் என்று அலிபிரி போகிற ரோட்டில் வீடு பிடித்தோம். நான் ஒருத்தியாக உங்களைத் தூக்க முடியாது என்று சேகர்தான் ஆள் ஏற்பாடு செய்தான். புத்தலப்பட்டுப் பக்கத்துப் பெண். வந்தவள் சோப்புப் போட்டுக் கை கழுவினாள், உங்களைத் தொட்டாள், மறுபடியும் கழுவினாள். எனக்குச் சுருக்கென்றது. பெரிய வீட்டுக் களத்தில் நமக்குக் கையில் படாமல் உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார்களே, அதெல்லாம் மறக்கக் கூடியதா? நம்மைத் தொட்டால் இவளுக்கு என்ன வந்தது என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

இரண்டு மணிக்கு ஒரு தரம் உங்களை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று புரட்டிப் படுக்க வைப்பாள். உடனே ஒரு நோட்டில் எழுதுவாள். தூங்குகிற மனுஷியை எதற்குப் புரட்ட வேண்டும்? அப்படி என்ன எழுதுகிறாள்? தெலுங்கு படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டு ராணியை அழைத்து வந்து நோட்டைக் காட்டினேன்.

"பத்து மணி, எடது பக்கம். பன்னெண்டு மணி, வலது பக்கம். இதான்க்கா எழுதிக்கினுகிறா" என்றாள் ராணி.

"நல்லா பாருடி. வேற ஒண்ணுமே இல்லியா?"

"உன் பேரு கூட இல்லக்கா, போ."

இவளும் அவளோடு சேர்ந்துவிட்டாளோ என்று இரண்டு நாள் ராணியோடு நான் பேசவில்லை. ஏழு மாதம் படுத்திருந்தீர்கள் அத்தை, உங்கள் முதுகில் ஒரு புண் வரவில்லை. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் விடத் தண்ணீர்தான். சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றாள். "நீள்ளு வத்து ஆன்ட்டி. தண்ணி வேணாம். பெத்தம்மாக்கு முழுங்க வரல" என்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சொல்வாள். ஏதோ வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் கலந்து கூழ் மாதிரி ஆக்குவாள். உங்களை நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுவாள். டாக்டர் சொன்னாராம். என் காதில் விழவில்லையே? தூங்க வைக்கிற மருந்து என்று எனக்குத் தீர்மானம். ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்கே போனேன். "தண்ணிய கெட்டியாக்குற மாவும்மா இது" என்றார் கடைக்காரர். விசாரித்தால் அவருக்கும் ஊர் புத்தலப்பட்டு. பிறகு நான் எப்படி நம்புவேன்?

படுக்கை நனைந்தால் துணி மாற்ற வேண்டுமே என்ற சோம்பலில் உங்களைத் தாகத்தோடு போட்டு வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஒரு சனிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம், அடிவாரக் கோயிலில் வாங்கி வந்த தீர்த்தத்தை உங்கள் வாயில் விட்டேன். மூன்று ஸ்பூன். பெருமாள் தண்ணீர் யாரை என்ன செய்துவிடும்?

உங்களுக்குப் புரை ஏறியது. கண்ணில் நீர் வர இருமினீர்கள். நான் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க அத்தை. வேற யாரு, உங்க சின்னபுள்ளதான்" என்றேன். உங்கள் முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது!

சாயந்திரம் சேகர் போன் செய்தபோது கேட்டேன்: "ஏன்டா, காலைல அம்மாவ நெனைச்சியா? அவங்களுக்குப் பொரை ஏறிச்சி."

போனிலேயே அழுதான். "நெனைச்சிக்கினேதான் இருக்கேன் அண்ணி" என்றான். அதற்குப் பிறகு அவன் போன் செய்தால், துன்னாங்களா, தூங்கினாங்களா என்றெல்லாம் கேட்கமாட்டான். "பொரை ஏறிச்சா அண்ணி?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் சனிக்கிழமையோடு நிற்காமல், செவ்வாய்க்கிழமையும் கொடுத்தேன், வியாழக்கிழமையும் கொடுத்தேன். பக்திக்குக் கொடுத்தேனா, அவனுக்குச் சொல்ல ஒரு சேதி வேண்டும் என்று கொடுத்தேனா? எனக்கே தெரியவில்லை அத்தை.

சுகுணா ஒரு நாள் உங்கள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, நெஞ்சுல கரகரன்னு சத்தம். நீங்க ஏமன்னா, ஏதாவது குடுத்தீங்களா?"

"நான் இன்னாத்துக்குக் குடுக்கறேன்? நீ பாத்துக்கற லட்சணம் அது."

"கோபம் வேணாம் ஆன்ட்டி. குடுத்திருந்தா சொல்லுங்க. டாக்டருக்குச் சொல்லணும்."

"ஏழுமலையான் சாட்சியா ஒண்ணும் குடுக்கல" என்றேன். ஆமாம் அத்தை, அந்தப் பெயரை வைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு மூன்று தடவை புரை ஏறியது. மூன்றாவது தடவை இருமல் நிற்கவே இல்லை. உதடு நீலமாகி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஈரத் தலையோடு ஓடி வந்த சுகுணாதான் ஆட்டோ பிடித்தாள். வழி முழுக்க உங்களை மார்பில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். "வாய் வழியா தண்ணி ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. இவள் எதையோ மறைக்கிறாள் என்று அங்கேயும் நான் அவளைத்தான் முறைத்தேன். நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன வாரம் எனக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எதிரே சக்கர நாற்காலியில் உங்களைப் போலவே கை விழுந்த ஓர் அம்மா. மகள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மா இருமினார். மகள் தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்கம்மா" என்றாள். அங்கிருந்த நர்ஸ் ஓடி வந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

"யாரும் நெனைக்கலம்மா! தண்ணி நுரையீரலுக்குப் போய்க்கினுகீது. அது உள்ளயே தங்கி ஜுரம் வந்தா உயிருக்கே ஆபத்து. எல்லா வீட்டுலயும் இதே பேச்சு."

அப்போதும் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். இவளும் சுகுணாவும் ஒரே இடத்தில் படித்தவர்களோ, பேசி வைத்துக்கொண்டார்களோ என்று நினைத்தேன். வரிசையைத் தாண்டி டாக்டர் அறைக்குள் நுழைந்து கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். இனி சந்தேகப்பட ஒரே ஓர் ஆள்தான் மிச்சம்.

சேகருக்கு எப்படிச் சொல்வேன்? கடல் தாண்டி இருந்தாலும் அம்மாவுக்கு என் நினைப்பு எட்டியது என்றுதான் இந்த ஒரு வருஷமாக அவன் மனசைத் தேற்றி வைத்திருக்கிறான். அதை நானே பிடுங்குவதா? பிடுங்காவிட்டால் அந்தப் பெண்ணின் பிழைப்பு போகும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கோபமாகவாவது ஒரு வார்த்தை பேசுங்களேன்.

சொல்லிவிடுகிறேன் அத்தை. தெவசத்துக்கு இலை போடுவதற்கு முன்னால், அவன் பெட்டியைக் கீழே வைத்ததும் சொல்லிவிடுகிறேன். பிறகு நானே பஸ் ஏறிப் போய், சுகுணாவின் வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்கிறேன். இந்தத் தடவை சாமி பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மேல் சத்தியம்.

உங்களை இன்னும் அத்தை என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிற
மூத்த மருமகள்,
வள்ளியம்மா

இப்போதுதான் ஞாபகம் வருகிறது அத்தை. அன்றைக்கு ஆட்டோவை விட்டு இறங்கியதும், டாக்டர் வருவதற்கு முன்பு, சுகுணா என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். உங்கள் மோவாயைத் துடைத்ததில் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, ஒரு துளசி இலையும் ஒட்டியிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் இலையை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டு, முந்தானையை மடித்து என் இடுப்பில் சொருகிவிட்டாள்.