நீளக்கை பாஜு

செவ்வாய், இரவு

காலையில் மகள் யாழினிக்கு முழுக்கைச் சட்டை மாட்டி, தாஸ்காவில், அவளைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் காப்பகத்தில், விடப் போனபோதே டீச்சர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, வட்டமா நின்னு விளையாடுறப்ப மத்த பிள்ளைங்க இவ கையப் புடிக்க வேணாம்லா. இவ போட்டிருக்கிற இந்த நீளக்கை பாஜு, அந்தச் சட்டைக் கையப் புடிச்சுக்கட்டும். ஒட்டிக்குமான்னு மத்த அம்மாங்க கேக்குறாங்க."

இவளுக்கு இருக்கும் எக்ஸிமா வெறும் தோல் அரிப்புதான், ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றார்.

எட்டு மணிக்கு நான் வேலையில் நிற்க வேண்டும். எங்கள் செமோர் ஊரில் வேறு தாஸ்கா எங்கே தேடுவது? சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நாள் முழுக்க என் மேலேயே எரிச்சல்.

சாயங்காலம் அவளைக் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் கிரீம் பூசினேன். முழங்கை மடிப்பு மறுபடி சிவந்திருக்கிறது. சொறிந்த இடத்தில் நீர் கசிகிறது. அவள் அழவில்லை, பழகிவிட்டாள். மூன்று வயதில் இதெல்லாமா பழக வேண்டும்?

"வா, சாப்பிடலாம்" என்று கையை நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான் பாஜு போடலம்மா. எதப் புடிப்ப?"

காலையில் நான் தலையாட்டியபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.